டிக்கெட்டில் பதினெட்டரை மணி... உடம்புக்கு 32 மணி!

சிதம்பரத்தில் என்னிடம் வழக்கமாக வைத்தியம் பார்க்கும் டீச்சரம்மா ஒருவர், ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் வந்தார். பணி ஓய்வு பெற்றவர். வயது 63. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் முழங்கால் வலி. மகளுக்குப் பிரசவம் என்று அமெரிக்காவில் நியூஜெர்சிக்குப் புறப்படுகிறார். முதல் விமானப் பயணம்.

"தம்பி, மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பிட்டார். சென்னையில ஏறி, துபாய்ல மாறி, நியூயார்க். பறக்கிற நேரம் மொத்தமே பதினெட்டரை மணிதானாம்! நாங்க காசிக்கு ரயில்ல போனதைவிடக் கம்மி. உட்கார்ந்து கண்ணை மூடினா அமெரிக்கா. முழங்காலுக்கு மட்டும் ஒரு தைலம் குடுங்க, போதும்" என்றார்.

நான் தைலத்தை எடுக்கவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்தேன். "உட்காருங்கம்மா. நீங்க உங்க வீட்டு வாசப்படி இறங்கறதுலேருந்து, மக வீட்டு வாசப்படி ஏறற வரைக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்" என்றேன்.

போட்ட கணக்கு இதுதான். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு சிதம்பரத்தில் கார் ஏறுகிறார். கடலூர், புதுச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு என்று வந்து மீனம்பாக்கம் சேரச் சுமார் 5 மணி நேரம். மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்கு விமானம். துபாய்க்கு நாலரை மணி நேரம். அங்கே காத்திருப்பு 3 மணி. பிறகு நியூயார்க்குக்கு 14 மணி. இறங்கிய பின் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, மகள் வீட்டுக்குக் கார் எல்லாம் சேர்த்து இரண்டரை மணி.

கூட்டிப் பார்த்தால் 32 மணி நேரம்! அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஒரே பயணம், மூன்று கணக்கு

வேடிக்கை இன்னும் இருக்கிறது. அவர் மகள் வீட்டில் நுழையும்போது அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30. கோடையில் நியூயார்க் நேரம் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால். அதாவது, சனி இரவு 8-க்குக் கிளம்பி ஞாயிறு மாலை 6.30-க்குச் சேர்ந்ததாகக் கடிகாரம் சொல்லும். அந்தக் கணக்குப்படி இருபத்திரண்டரை மணி.

ஆக, டிக்கெட் கணக்கு பதினெட்டரை. கடிகாரக் கணக்கு இருபத்திரண்டரை. உடம்புக் கணக்கு 32. சிதம்பரத்தில் அப்போது திங்கள் விடியற்காலை 4 மணி. இரண்டு ராத்திரித் தூக்கம் கெட்ட உடம்பு அங்கே போய் நிற்கிறது. வெளியே வெயில் அடிக்கிறது!

வெளிநாட்டுக்குப் புறப்படுகிற பெற்றோர் பலரும் முதல் இரண்டு கணக்கை மட்டும்தான் பார்க்கிறார்கள். வைத்தியர் பார்க்க வேண்டியது மூன்றாவது கணக்கை.

தூரம் எவ்வளவு?

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்வழியில் சுமார் 13,500 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. உலகத்தில் எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் நடுவில் உள்ள குறுக்குத் தூரம் அதில் பாதியை, அதாவது 20,000 கி.மீ.-ஐத் தாண்டாது. அந்த உச்சத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்துதான் நம் அம்மாக்கள் பேரன் முகம் பார்க்கப் போகிறார்கள்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இந்தத் தூரம் கிடைக்காது. பூமி உருண்டை. ஒரு ஆரஞ்சுப் பழத்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் போகிற வழிதான் குறுக்குவழி. அந்த வழியைத் தட்டையான படத்தில் வரைந்தால் வளைந்து வடக்கே போவது போலத் தெரியும். 'ஏன் சுத்திக்கிட்டுப் போறான்?' என்று நாம்தான் குழம்புவோம். துபாயில் இறங்கி மாறினாலும் கூடுவது சுமார் 450 கி.மீ.தான். விமானத்துக்கு அது அரை மணி வேலை.

இன்னொரு சந்தேகத்தையும் பலர் கேட்கிறார்கள். "போகும்போது அதிக நேரம், வரும்போது குறைச்ச நேரம். பூமி சுத்தறதாலதானே?" இல்லை. பூமி சுற்றும்போது அதைச் சுற்றியுள்ள காற்றும் கூடவே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றில்தான் மிதக்கிறது. உண்மைக் காரணம், 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல ஓடும் பலத்த காற்று. மேற்கே போனால் எதிர்க்காற்று. கிழக்கே வந்தால் முதுகில் தள்ளும் காற்று. துபாயிலிருந்து நியூயார்க் போக 14 மணி ஆகிற அதே விமானம், திரும்பி வர சுமார் பன்னிரண்டரை மணிதான் எடுத்துக்கொள்கிறது. சில நாட்டு வான்வழிகள் மூடப்பட்டால் சுற்றிப் போக நேரும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பல நாட்டு விமானங்களுக்கு ரஷ்ய வான்வழி மூடியதால், ஐரோப்பா-ஜப்பான் பயணங்கள் சில மணி நேரம் நீண்டுவிட்டன. தூரம் ஒன்றுதான், நேரம் வேறு.

துபாயும் சிங்கப்பூரும்

சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கி.மீ. சிங்கப்பூரும் சுமார் 2,900 கி.மீ. இரண்டுக்கும் சுமார் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் துபாய்க்கு, தம்பி சிங்கப்பூருக்கு, இருவரும் இரவு 10 மணிக்குக் கிளம்புகிறார்கள். அண்ணன் இறங்கும்போது அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, படுத்துத் தூங்கலாம். தம்பி இறங்கும்போது அங்கே விடியற்காலை நாலரை. இன்னும் சற்று நேரத்தில் வேலைக்குக் கிளம்ப வேண்டும்! ஒரே தூரம், ஒரே நேரம். ஆனால் உடம்பு படும் பாடு வேறு.

இதற்குக் காரணம் சூரியன். பூமியில் ஒரு பாகை கிழக்கே நகர்ந்தால் 4 நிமிடம் முந்தும், மேற்கே நகர்ந்தால் 4 நிமிடம் பிந்தும். இந்தியாவுக்குப் பொதுவான நேரம் 1906-ல் வந்தது. அது 82½ பாகைக் கோட்டைக் கணக்கில் கொண்டது. சிதம்பரம் இருப்பது 79.7 பாகையில். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாகக் கடிகாரம் 12 அடித்து 11 நிமிடம் கழித்துத்தான். இந்தப் 11 நிமிடத்தை உடம்பு பொருட்படுத்தாது. ஒன்பதரை மணி நேரத்தை எப்படிப் பொறுக்கும்? பசி, தூக்கம், மலம் எல்லாம் பழைய ஊர்க் கடிகாரத்திலேயே ஓடும். ஒரு மணி நேர வித்தியாசம் சரியாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. நியூஜெர்சியில் நம்மவர்கள் ஒரு வாரம், பத்து நாள் நடுராத்திரியில் எழுந்து சமையலறையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். திரும்பி வரும்போது, அதாவது கிழக்கே பயணிக்கும்போது, பெரும்பாலோருக்கு இது இன்னும் கடினமாக இருக்கும்.

விமானத்துக்குள்ளே ஊட்டி!

விமானம் 10, 12 கி.மீ. உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் அது தரைமட்ட அளவுக்கு இருக்காது. சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது கொடைக்கானலிலோ ஊட்டியிலோ 14 மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது மாதிரி. கடுமையான ரத்தச்சோகை, இருதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

அழுத்தம் குறைவதால் குடலில் உள்ள வாயு விரியும். வயிறு உப்பும், பெல்ட் இறுகும். காற்றில் ஈரம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. கண், மூக்கு, தொண்டை வறளும். வறட்சி, உப்புசம், தூக்கக் கேடு, குடைச்சல்... எங்கள் சாஸ்திரத்தில் இதையெல்லாம் ஒரே வார்த்தையில் வாதம் கூடியது என்போம்.

இன்னொன்றும் சொல்வோம். சிறுநீர், மலம், அபான வாயு, தாகம், தூக்கம் போன்ற 14 வேகங்களை அடக்கக் கூடாது. விமானத்தில் நம் பெண்கள் செய்வது என்ன? 'பாத்ரூம் போக வேணாமே' என்று தண்ணீரே குடிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூச்சப்பட்டு சிறுநீரை அடக்குகிறார்கள். தாகம் ஒன்று, சிறுநீர் ஒன்று. இரண்டு வேகத்தையும் ஒருசேர அடக்கினால் உடம்பு சும்மா இருக்குமா? எழுந்திருக்காததால் காலும் அசைவதில்லை. அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

தைலத்துக்குப் போன கை

டீச்சரம்மாவுக்குத் தைலம் கொடுக்க நான் ஏன் யோசித்தேன்? சில வருஷம் முன்பு கடலூரில் நடந்த ஒரு சம்பவம். கடலூரிலும் வாரம் இரண்டு நாள் பார்க்கிறேன். மகன் வீட்டிலிருந்து திரும்பிய ஒரு பெரியவர், ஊர் வந்த நான்காம் நாள் வந்தார். "வைத்தியரே, இடது கால் வீங்கியிருக்கு. பிளேன்ல காலைத் தொங்கப் போட்டதால வாதநீர் இறங்கிடுச்சு. நல்லா தைலம் போட்டு நீவி விடுங்க" என்றார். கூட வந்த மனைவி, "நானும் ரெண்டு நாளா சூடா எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன், வத்தலையே" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். என் கை தைலப் பாட்டிலுக்குப் போய்விட்டது. முப்பது வருஷப் பழக்கம். வேட்டியை விலக்கச் சொல்லிக் காலைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. வலது கால் சாதாரணமாக இருக்கிறது. இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே பருத்து, தொட்டால் சூடு. கெண்டைக்கால் சதையை அழுத்தினால் முகம் சுளிக்கிறார். "வரும்போது எத்தனை தடவை எழுந்து நடந்தீங்க?" என்றேன். "எங்க எழுந்தேன்? ஜன்னல் சீட்டு. தூக்க மாத்திரை போட்டுக்கிட்டேன். இறங்கும்போதுதான் எழுந்தேன்" என்றார்.

பாட்டிலை மூடி வைத்துவிட்டு, அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்கேனில் காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்பது தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி, மாத்திரை கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அந்தக் காலை நான் அழுத்தி நீவியிருந்தால், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். தைலத்தின் அருமை தெரியும். எப்போது தைலம் போடக் கூடாது என்பதும் வைத்தியம்தான் என்று அன்றைக்கு மறுபடி படித்தேன்.

இது விமானத்தால் மட்டும் வருவதில்லை. 1940-ல் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த சிலர் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்ததை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். விமானப் பயணத்தில் நெடுநேரம் உட்காருவதாலும் வரும் என்று 1954-ல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. காரோ, பஸ்ஸோ, ரயிலோ, எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்பது அவர்கள் கணக்கு. பயந்து பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை, அலட்சியமும் வேண்டாம்.

முன்பு கட்டி வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், பிரசவித்த சில வாரங்களில் இருப்பவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

என்ன செய்யலாம்?

* நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். விழித்திருக்கும்போது ஒன்று, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். யாரையாவது எழுப்ப வேண்டியிருந்தால் எழுப்புங்கள். தப்பே இல்லை.

* உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள். பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி 20, 30 தடவை. கெண்டைக்கால் சதை சுருங்கும்போதுதான் கால் ரத்தம் மேலே ஏறுகிறது.

* இந்தக் கணக்கைச் சிதம்பரத்திலேயே தொடங்குங்கள். கார் பயணம் 5 மணி நேரம். திண்டிவனத்தில் இறங்கி, டீ குடிக்கிற சாக்கிலாவது பத்து நிமிடம் நடங்கள்.

* தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். இருதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது. மது வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். அது உங்களைக் கட்டிப்போட்ட மாதிரி.

* சாப்பாடு அரை வயிறு. கிளம்பும் அன்று மொச்சை, உருளைக்கிழங்கு, எண்ணெய்ப் பலகாரம் தவிர்த்து, இட்லி, ரசம் சாதம் போதும். சீரகத் தண்ணீர் வாயுவுக்கு நல்லது.

* இறங்கும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பால் கொடுங்கள்.

* கால் உறை போடுவது சிலருக்கு உதவும். அளவு பார்த்து, டாக்டர் சொன்னால் மட்டும். ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

* சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் எந்த ஊர் நேரப்படி எப்போது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கீழே போகிற பெட்டியில் உறைந்து கெட்டுவிடலாம்.

* சேர்ந்த அன்றிலிருந்தே அந்த ஊர் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், படுங்கள். பகலில் வெயில் படும்படி நடங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

பெட்டியில் என்ன?

பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள் மருந்துப்பொடி, லேகியம் எல்லாம் கட்டுவார்கள். ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை உண்டு. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு கரண்டிகூட வைக்காதீர்கள். அமெரிக்காவுக்குப் பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை வேண்டாம். உணவுப் பொருள் இருந்தால் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயர் ஒட்டாத பொடிகளைத் தவிருங்கள். பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகளைத் தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. சித்த வைத்தியனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

மறக்கக் கூடாத ஒன்று

பயணம் முடிந்து சில வாரங்கள் வரை, ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தைலம் போடாதீர்கள், நீவாதீர்கள், ஒத்தடமும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸ். இரண்டு காலும் சமமாக லேசாக வீங்கி, ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை.

டீச்சரம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலமும் கொடுத்தேன். 'கைப்பையில் வைக்காதீங்க, 100 மில்லிக்கு மேல் விட மாட்டாங்க' என்றும் சொன்னேன். போய்ச் சேர்ந்த வாரம் போன் வந்தது. பின்னால் குழந்தையின் அழுகை.

"தம்பி, உங்க கணக்கு தப்பு. முப்பத்திரண்டு இல்லை, முப்பத்தஞ்சு மணி ஆச்சு. துபாய்ல லேட்டு. ஆனா நான் பதினோரு தடவை எழுந்து நடந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், 'ஏம்மா, நடந்தே போயிடலாம்னு பாக்கறீங்களா'ன்னு கேட்டார்!"

"காலு?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

அது போதும் என்றேன்.